வேலைமேசைக்கு எந்தப் பசை? 75 மி.மீ. மேல்பலகை ஒட்டுவது பற்றி

புதுஉளி | ஜனவரி 6, இரவு 9:40

வேலைமேசை செய்யணும். மேல்பலகை 1800 மி.மீ. நீளம், 600 அகலம், 75 தடிமன். 40 மி.மீ. கனச் சட்டங்களை நிமிர்த்தி நிறுத்தி, முகத்தோட முகம் சேர்த்து ஒட்டறதா திட்டம். மொத்தம் 15 சட்டம். கால்களுக்குத் துளையும் கழுந்தும் (துளைக்குள்ள செருகற நாக்கு). மேசை மேல நாள் முழுக்க கொட்டாப்புளி அடி விழும். வெள்ளைப் பசை இதைத் தாங்குமா, இல்ல எப்பாக்சிதான் வேணுமா? இருக்கறதுலயே பலமானது எதுன்னு சொல்லுங்க.

கொட்டாப்புளி | ஜனவரி 6, 10:15

என் பேரைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க. வெள்ளைப் பசை தாங்கும்.

முகம் சரியா இழைச்சு, நார் ஓட்டத்துக்கு இணையா ஒட்டின மூட்டை உடைச்சா, மரம்தான் பக்கத்துல பிளக்கும், பசைக்கோடு நிக்கும். அதுக்கு மேல பலம் வாங்கி என்ன பண்ணப் போறீங்க? பசையைப் பலத்தை வெச்சுத் தேர்ந்தெடுக்காதீங்க. தடவி முடிச்சு இறுக்கறதுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும், மேசை ஈரம் படுமா, மரம் எண்ணெய்ப்பசை உள்ளதா, இந்த மூணையும் பாருங்க.

ரசமட்டம் | ஜனவரி 7, காலை 6:50

பசை எவ்வளவு தேவை என்ற கணக்கைப் போட்டுவிடுகிறேன். ஒரு முகம் 1.8 × 0.075 = 0.135 ச.மீ. 15 சட்டம், இரண்டு பக்கம், ஆக 30 முகம், 4.05 ச.மீ. சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால் 729 கிராம். சிந்தல் சேர்த்து ஒரு கிலோ வாங்குங்கள்.

ரசமட்டம் | ஜனவரி 7, 7:25

மேலே இரண்டு தப்பு. வெளிப்பக்க முகங்கள் இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டேன். தவிர, 180 கிராம் என்பது ஒரு மூட்டுக்கான கணக்கு, ஒரு முகத்துக்கானது அல்ல. 15 சட்டத்துக்கு மூட்டு 14. பரப்பு 1.89 ச.மீ. பசை 340 கிராம், அதாவது மூட்டுக்கு ஏறக்குறைய 24 கிராம். அரைக் கிலோ டப்பா போதும்.

24 கிராம் என்பது கண்ணுக்குப் பழக வேண்டிய அளவு. சமையலறைத் தராசில் சட்டத்தையே வைத்து முதல் மூட்டுக்கு மட்டும் எடை பாருங்கள். தடவியபின் மர நிறம் லேசாகத் தெரிந்தால் குறைவு. மரம் முழுதும் மறைந்து, சட்டத்தைச் செங்குத்தாகத் தூக்கினால் வழியாமல் நின்றால் சரி.

சிராய் | ஜனவரி 7, 1:10

காலைல எழுந்ததும் கணக்கு, அரைமணி நேரத்துல திருத்தம். ரசமட்டத்துக்கே மட்டம் பார்க்க வேண்டியிருக்கு.

பசை வகைகளை ஒரு சுத்து சுத்திடுவோம்.

வெள்ளை பி.வி.ஏ. (பாலிவினைல் அசிட்டேட்): தண்ணியில மிதக்கற பிளாஸ்டிக் துகள்கள்னு வெச்சுக்கோங்க. தண்ணி மரத்துக்குள்ள போனதும் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படலமாகும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா பெரும்பாலானதுல அந்தப் படலம் உருவாகாது. அப்படிக் குளிர்ல காய்ஞ்சா சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நகத்துல சுரண்டினா பொடியா வரும்.

மஞ்சள் பசை: இதுவும் பி.வி.ஏ. குடும்பம்தான். சீக்கிரம் பிடிக்கும், காய்ஞ்சா கொஞ்சம் கெட்டி, தேய்ச்சா உப்புத்தாளை அடைக்காது. ஆனா தடவி மூட 5 நிமிஷம்தான்.

தண்ணி தாங்கும் வகை: டப்பாவுல டி3ன்னு போட்டிருப்பாங்க. ஐரோப்பிய இ.என். 204 தரத்துல டி1லேர்ந்து டி4 வரைக்கும் உண்டு, எண் கூடக் கூட ஈரம் தாங்கும். டி3 வகையிலயும் மெதுவாக் காயறது இருக்கு, 8 முதல் 10 நிமிஷம் கிடைக்கும். நீளமான மேல்பலகைக்கு அதைத் தேடலாம், தண்ணிக்காக இல்ல, அந்த நிமிஷங்களுக்காக.

பாலியூரித்தேன்: ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், இறுகறப்ப நுரைக்கும். அந்த நுரை இடைவெளியை நிரப்பின மாதிரி தெரியும், ஆனா அதுல பலம் கிடையாது. கையில பட்டா தோல் உரியற வரைக்கும் கூடவே வரும். திறந்த டப்பா கல்லாயிடும்.

வஜ்ஜிரம்: இதைப் பத்தித் தனியா எழுதறேன், அவசரமாச் சொன்னா அதுக்கு மரியாதை இல்ல.

புதுஉளி | ஜனவரி 7, இரவு 8:30

மரம் தேக்கு கிடைச்சா தேக்கு, இல்லாட்டி டக்ளஸ் ஃபிர். தேக்குல எண்ணெய் இருக்கறதால பசை ஒட்டாதுன்னு சொல்றாங்களே?

கொட்டாப்புளி | ஜனவரி 7, 9:05

ஒட்டும். அன்னைக்கு இழைச்சதை அன்னைக்கே ஒட்டணும். நாள் போகப்போக உள்ளே இருக்கற எண்ணெய் மேல வந்து படிஞ்சிடும். இழைச்ச முகத்துல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. பரவி உள்ளே இழுத்தா நல்லது. முத்து மாதிரி உருண்டு நின்னா பசையும் அப்படித்தான் நிக்கும், மறுபடி இழைங்க. கூடுதல் பாதுகாப்புக்கு அசிட்டோன் துணியால துடைச்சு, ஆவியானதும் ஒட்டலாம். பக்கத்துல நெருப்பு வேண்டாம்.

இது தேக்குக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எந்த மரமா இருந்தாலும் மழுங்கின கத்தி போட்ட இழைப்பு எந்திரத்துல போனா, முகம் தேய்ஞ்சு மினுமினுன்னு ஆயிடும். பார்க்க அழகு, பசைக்குக் கண்ணாடி. கை இழைப்புளியைக் கூர் தீட்டி ஒரு ஓட்டு ஓட்டினாப் போதும்.

ரசமட்டம் | ஜனவரி 8, 6:45

ஈரப்பதம் சொல்லாமல் விட்டுவிட்டோம். சட்டங்களுக்குள் வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 9 சதவீதச் சட்டத்தையும் 14 சதவீதச் சட்டத்தையும் ஒட்டினால், பின்னது சுருங்கும்போது மூட்டின் ஓரம் படிபோல் எழும். பழி பசை மேல் விழும்.

இனி கிளாம்ப் (இறுக்குப்பிடி). பசை விவரத்தாள்கள் மென்மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 150 பவுண்டு வரை, கடினமரத்துக்கு 175 முதல் 250 வரை அழுத்தம் கேட்கின்றன. 150 பவுண்டு என்றால் சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 1 நியூட்டன். உங்கள் முகம் 1,35,000 சதுர மி.மீ. ஆகவே தேவை 1,35,000 நியூட்டன், 13 டன்னுக்கு மேல். ஒரு நல்ல கிளாம்ப் 500 கிலோ தரும் என்று வைத்தாலும் 27 கிளாம்ப்.

சிராய் | ஜனவரி 8, 10:20

27 கிளாம்ப் வெச்சிருக்கறவருக்கு ஏற்கெனவே வேலைமேசை இருக்கும்.

கொட்டாப்புளி | ஜனவரி 8, 10:50

கணக்கு சரி, முடிவு சரியில்ல. அழுத்தம் எதுக்கு? ரெண்டு முகத்தையும் ஒட்ட வெச்சு, பசையை மெல்லிய படலமா ஆக்கறதுக்கு. முகம் வளைஞ்சிருந்தா அதை நிமிர்த்தவே பாதி அழுத்தம் போயிடும். நேரா இழைச்ச சட்டத்தைக் கையால அழுத்தினாலே இடைவெளி மறையணும். அப்படி மறைஞ்சா 500 கிலோ கிளாம்ப் 10, 12 போதும். மறையலன்னா கிளாம்பைச் சேர்க்காதீங்க, இழைப்புளியை எடுங்க.

இடைவெளிக்கு ஒரு கணக்கு இருக்கு. கிளாம்ப் தர்ற அழுத்தம் மரத்துக்குள்ள 45 டிகிரியில விரியும். வெளிச்சட்டம் 40, அதுக்கு வெளிய 50 மி.மீ. தாங்குகட்டை வெச்சா முதல் மூட்டு 90 ஆழத்துல இருக்கு. அந்த ஆழத்துல ஒரு கிளாம்ப் 180 மி.மீ. அகலத்துக்கு அழுத்தும். அப்போ 180க்கு ஒண்ணு, 1800க்கு 10. தாங்குகட்டை இல்லாட்டி 80க்கு ஒண்ணு வேணும், 23 ஆயிடும். கிளாம்ப் வாங்கற காசுக்குப் பதில் ரெண்டு கட்டை. உள் மூட்டெல்லாம் இன்னும் ஆழம், அதைப் பத்திக் கவலை வேண்டாம்.

கிளாம்பை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்திப் போடுங்க. எல்லாம் ஒரே பக்கம் போட்டா பலகை படகு மாதிரி வளையும்.

புதுஉளி | ஜனவரி 8, 9:15

அதிகமா இறுக்கினா பசையெல்லாம் பிதுங்கி மூட்டு காய்ஞ்சு போகும்கறாங்களே?

ரசமட்டம் | ஜனவரி 8, 9:40

கைக் கிளாம்பால் அந்த அளவுக்குப் போவது கடினம். மேலே கணக்கில் பாருங்கள், விவரத்தாள் கேட்பதில் பாதியைக்கூட எட்டவில்லை. பசை இல்லாத மூட்டு வருவது பெரும்பாலும் குறைவாகத் தடவியதால், அல்லது நீர்த்த பசையை மரம் உறிஞ்சிவிட்டதால். எப்பாக்சிக்கு மட்டும் அந்த எச்சரிக்கை பொருந்தும். அதைப் பிதுக்கித் தள்ளாமல், முகங்கள் தொடும் அளவுக்கே இறுக்க வேண்டும்.

சிராய் | ஜனவரி 9, 2:00

எப்பாக்சி பத்தி: பிசினையும் கெட்டிப்பானையும் கலந்து போடற பசை. மூட்டுல அரை மி.மீ. இடைவெளி தவிர்க்கவே முடியாதுன்னா அது. ஒரே அளவுக் கப்புல கலக்கறவங்க கவனிக்கணும், 2க்கு 1ன்னு போட்டிருந்தா அது கன அளவா எடையான்னு டப்பாவுல படிங்க. ரெண்டும் ஒண்ணில்ல. தப்பாக் கலந்தா எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுன்னே இருக்கும், கூடக் கொஞ்சம் கெட்டிப்பான் ஊத்தினா சீக்கிரம் இறுகும்கறது கட்டுக்கதை. கலந்ததை ஆழமான கப்புலயே விட்டா சூடேறிப் புகையும், அகலமான தட்டுல ஊத்தி வைங்க. முதல்ல வெறும் எப்பாக்சியை ரெண்டு முகத்துலயும் பூசி மரம் குடிக்க விட்டு, அப்புறம் சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கினதைத் தடவணும். கையுறை கட்டாயம். ஒவ்வாமை ஒருதரம் வந்தா போகாது.

இத்தனையும் 15 சட்டத்துக்குப் பண்ணணுமா? நான் மாட்டேன்.

சிராய் | ஜனவரி 9, 2:30

வஜ்ஜிரம். தோலும் எலும்பும் காய்ச்சின பசை. மணிமணியா வரும். ஒரு பங்குக்கு எடையில ஒண்ணரை முதல் ரெண்டு பங்கு பச்சைத் தண்ணி ஊத்தி ஊற வைங்க. ஊறினதும் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வெச்சு 60 டிகிரி. நேரா அடுப்புல வேண்டாம். 70ஐத் தாண்டினா பலம் போயிடும், நாத்தம் மட்டும் மிஞ்சும். பதம் பார்க்க குச்சியை விட்டுத் தூக்குங்க. கம்பியா இறங்கி, பாத்திரம் தொடறப்ப சத்தமில்லாம ஓடணும். கட்டி கட்டியா விழுந்தா கெட்டி, சொட்டுச் சொட்டா உடைஞ்சா நீர்ப்பு.

நல்லது என்னன்னா, வெந்நீரும் சூடும் காட்டினா மூட்டு திரும்பக் கழலும். பழைய வஜ்ஜிரத்து மேலயே புது வஜ்ஜிரம் பிடிக்கும். காய்ஞ்ச பி.வி.ஏ. மேல புது பி.வி.ஏ. பிடிக்காது, மரம் தெரியற வரைக்கும் சுரண்டணும். கெட்டது, ஆறினா உடனே கூழாயிடும். 1.8 மீட்டர் முகம் தடவி முடிக்கறதுக்குள்ள முதல்ல தடவின முனை உறைஞ்சிருக்கும். அதனால மேல்பலகைக்கு இல்ல. கால் கழுந்துக்கு, இழுப்பறைக்கு, தோலுக்கு.

கொட்டாப்புளி | ஜனவரி 9, 7:45

வஜ்ஜிரம் பத்தி நல்லா எழுதினீங்க. கழுந்துக்கு நான் அதைக்கூடச் சொல்லமாட்டேன். துளையும் கழுந்தும் இறுக்கமா இருந்தா, 10 மி.மீ. மரமுளையைத் தள்ளுதுளையில அடிச்சாப் போதும். காலுல துளை போட்டுட்டு, கழுந்துல அதே துளையைத் தோள்பட்டைப் (கழுந்து ஆரம்பிக்கற படி) பக்கமா 1.5 முதல் 2 மி.மீ. தள்ளிப் போடணும். முளை உள்ளே போறப்ப கழுந்தை இழுத்துத் தோளை ஒட்ட வெச்சிடும். கிளாம்ப் வேண்டாம். பசை போட்டா அது வழவழப்புக்குத்தான்.

தள்ளுறது எந்தப் பக்கம்னு பென்சிலால அம்புக்குறி போட்டுக்கோங்க. மாத்திப் போட்டா மூட்டு இறுகறதுக்குப் பதில் பிரியும்.

ரசமட்டம் | ஜனவரி 9, 8:30

பசை போடுவதானால் ஒன்று: துளையின் அடியில் 2, 3 மி.மீ. இடம் விடுங்கள். பசையைத் துளையின் சுவரில் மெல்லத் தடவுங்கள், துளைக்குள் ஊற்ற வேண்டாம். முனை மூடிய துளையில் கழுந்து பிஸ்டன் மாதிரி இறங்கும். பசை போக வழியில்லாவிட்டால் கழுந்து பாதியில் நிற்கும், இன்னும் அடித்தால் கால் பிளக்கும்.

புதுஉளி | ஜனவரி 11, 6:20

மூணு மாதிரி மூட்டு போட்டு, ஒரு நாள் காய விட்டு, உளியால பிளந்து பார்த்தேன். மஞ்சள் பசை, டக்ளஸ் ஃபிர். ரெண்டுல மரம் கிழிஞ்சுது, ரெண்டு பக்கமும் நார் நாரா. மூணாவது சுத்தமாப் பிரிஞ்சிடுச்சு. ஒரு பக்கம் பசைப் படலம் வழவழன்னு பளபளக்குது, தூரிகைக் கோடுகூட அப்படியே இருக்கு. அடுத்த பக்கம் வெறும் மரம். பசை கெட்டதா?

கொட்டாப்புளி | ஜனவரி 11, 6:50

மூணாவதை எப்ப மூடினீங்க?

புதுஉளி | ஜனவரி 11, 7:05

மூணுக்கும் ஒண்ணாத் தடவிட்டு வரிசையா மூடினேன். கடைசிது 9 நிமிஷம் இருக்கும்.

கொட்டாப்புளி | ஜனவரி 11, 7:20

அவ்வளவுதான். பசை தோல் கட்டிடுச்சு. தூரிகைக் கோடு நசுங்காம இருக்குன்னா மூடறப்பவே காய்ஞ்சிருந்ததுன்னு அர்த்தம்.

பிரிஞ்ச மூட்டைப் படிக்கக் கத்துக்கிட்டா டப்பா விவரமே வேண்டாம். பளபளப்பும் கோடும் இருந்தா நேரம் தாண்டிடுச்சு. மரக்கண் (மரத்தோட நுண்துளை) எல்லாம் தெரிய, படலமே இல்லாம மங்கலா இருந்தா பசை குறைவு. வெள்ளைப் பொடின்னா குளிர். தடிமனா, தேன் நிறத்துல ஏடு மாதிரி உரிஞ்சா இடைவெளி, அதாவது இழைப்பு சரியில்ல.

ரசமட்டம் | ஜனவரி 11, 8:00

இப்போது 14 மூட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு மூட்டுக்கு உருளையால் தடவி அடுக்க 45 விநாடி என்றால் 14க்கு பத்தரை நிமிடம். கிளாம்ப் இன்னும் தொடவே இல்லை. 35 டிகிரி வெயிலில் அந்த 5 நிமிடமும் 3 ஆகிவிடும்.

ஆகவே 4, 4, 4, 3 என்று நான்கு கட்டு. அகலம் 160, 160, 160, 120. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் மூன்று மூட்டு. காய்ந்தபின் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியே இழைத்துக்கொள்ளலாம், கனமும் குறைவு. பிறகு மூன்று மூட்டு மட்டும் மிச்சம்.

சிராய் | ஜனவரி 11, 8:40

முதல்ல பசையே இல்லாம முழு நாடகத்தையும் நடத்துங்க. கிளாம்பை ஏறக்குறைய அளவுக்குத் திறந்து வெச்சு, வரிசை மாறாம இருக்க சட்டங்கள்ல முக்கோணக் குறி போட்டு, நார் ஓட்டம் எல்லாம் ஒரே திசை பார்க்கற மாதிரி அடுக்கி. மாத்தி வெச்சா பின்னாடி மேல்முகம் இழைக்கறப்ப ஒரு சட்டம் வழுக்கும், அடுத்தது பிய்யும்.

பசை பட்டதும் சட்டம் சோப்பு மாதிரி வழுக்கும். முதல் கிளாம்பை லேசாத் தொட வெச்சு, ரெண்டு நிமிஷம் பொறுத்து, மேலருந்து கட்டையால தட்டி மட்டம் பண்ணி, நடுவுலேர்ந்து முனைக்கு இறுக்கிட்டுப் போங்க. பசை பிடிக்க ஆரம்பிச்சா நகராது.

பிதுக்கம் 40, 50 மி.மீ.க்கு ஒரு சின்ன முத்து வந்தா அளவு சரி. ஈரத்துணியால துடைக்காதீங்க, கரைஞ்ச பசை மரக்கண்ணுக்குள்ள போய் எண்ணெய் பூசறப்ப திட்டுத்திட்டாத் தெரியும். அரைமணி கழிச்சு ரப்பர் மாதிரி ஆனதும் மழுங்கின உளியால சுரண்டினா சுருளா வந்துடும்.

இரும்புக் கிளாம்பு பசை ஈரத்தோட மரத்தைத் தொட்டா, துவர்ப்புள்ள மரத்துல கருப்புக் கறை விழும், இழைச்சாலும் சீக்கிரம் போகாது. நடுவுல மெழுகுத்தாள்.

புதுஉளி | ஜனவரி 12, 9:00

ஒரு மணி நேரத்துல கிளாம்பைக் கழட்டி மறுநாளே மேல்முகத்தை இழைச்சிடலாமா?

ரசமட்டம் | ஜனவரி 12, 9:35

கழட்டலாம், சுமை ஏற்ற 24 மணி நேரம். மேல்முகத்தை இழைக்க மட்டும் ஒரு வாரம் பொறுங்கள். பி.வி.ஏ.யில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ச.மீ.க்கு 180 கிராம் பசை என்றால் 90 கிராம் தண்ணீர் மூட்டின் இரு ஓரத்து மரத்துக்குள் போகிறது. அந்த ஓரம் உப்பியிருக்கும்போது மட்டமாக இழைத்தால், தண்ணீர் வற்றியதும் மூட்டுக்கு மூட்டு பள்ளம் விழும். கைக்குத் தெரியாது, பக்கவாட்டில் விளக்கு வைத்தால் 14 கோடும் தெரியும்.

புதுஉளி | ஜனவரி 12, 9:50

புரியுது. கடைசியா ரெண்டு: மேல்பலகையைக் கால் சட்டத்தோட ஒட்டலாமா? வைஸ் (மரத்தைக் கவ்விப் பிடிக்கற கருவி) தாடைக்குத் தோல் எதால ஒட்டறது?

கொட்டாப்புளி | ஜனவரி 12, 10:10

மேல்பலகைக்குக் கீழ பசை டப்பாவைத் திறக்கவே திறக்காதீங்க.

ரசமட்டம் | ஜனவரி 12, 10:30

காரணம் இது. மரத்தின் ஈரப்பதம் பருவத்துக்குப் பருவம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், தட்டை நார் வெட்டில் (வளையங்கள் அகலவாட்டில் படுத்திருக்கும் வெட்டு) 600 அகல டக்ளஸ் ஃபிர் ஏறக்குறைய 6.4 மி.மீ. விரிந்து சுருங்கும். தேக்கு 4.5. அடியில் குறுக்காக ஓடும் சட்டம் நீளவாக்கில் அசையவே அசையாது. ஒட்டினால் ஒன்று மேல்பலகை பிளக்கும், இல்லை கால் மூட்டு கழலும். முன்பக்கம் ஒரு முளை இறுக்கமாக, பின்பக்கத் துளையை முன்பின்னாக 10 மி.மீ. நீட்டி ஒரு போல்ட். அசைவெல்லாம் பின்பக்கம் போய்விடும், வைஸ் இருக்கும் முன்விளிம்பு நிற்கும்.

ரசமட்டம் | ஜனவரி 12, 10:42

உங்கள் சட்டங்கள் நிமிர்ந்து நிற்பதை மறந்துவிட்டேன். தட்டை வெட்டுச் சட்டத்தை நிமிர்த்தினால் வளையங்களும் நிமிர்ந்துவிடும், அகலவாட்டில் அசைவு இதைவிடக் குறையும். தேக்கில் பாதியளவுக்கு அருகில் வரும். ஆனாலும் ஒட்ட வேண்டாம், துளையை நீட்டியே போடுங்கள்.

சிராய் | ஜனவரி 12, 11:05

இதோட ரெண்டாவது திருத்தம். எண்ணிட்டு வர்றேன்.

தோலுக்கு வஜ்ஜிரம் அருமை, வெள்ளைப் பசையும் போதும். தோலோட சொரசொரப்பான பக்கம் தாடையைப் பார்க்கட்டும்னு ஒரு கட்சி, வெளிய தெரியட்டும்னு ஒரு கட்சி. சொரசொரப்பு வெளிய இருந்தா கட்டையை நல்லாப் பிடிக்கும். அப்படின்னா வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால சுரண்டிட்டுத்தான் ஒட்டணும், இல்லாட்டி உரிஞ்சு வரும். ஓரத்துல 3 மி.மீ. கூடுதலா விட்டு ஒட்டி, காய்ஞ்சதும் கத்தியால அறுங்க.

ஒட்டினதும் வைஸையே கிளாம்பா வெச்சு மூடி இறுக்கிடலாம். ரெண்டு தாடைக்கும் நடுவுல மெழுகுத்தாள் வைக்க மறந்தா, மறுநாள் வைஸ் திறக்காது.